தளிச்சேரித் தலைவீடு

திருச்சிராப்பள்ளியில் குடியிருப்பவனுக்குத் தஞ்சாவூர் வெளியூர் அல்ல; பக்கத்து வீட்டுத் திண்ணை மாதிரி. ரயிலில் 50 கிலோமீட்டர். பாஸஞ்சர் வண்டியில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். வண்டிக்கு மனசிருந்தால் அதற்கும் குறைவு. இவ்வளவு சமீபத்தில் இருப்பதாலேயே நம்மவர்கள் அங்கே போவதில்லை. காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போய்வந்து படம் காட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் பெரிய கோயிலைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்கள். "போனால் போகிறது, எங்கே ஓடிவிடப் போகிறது?" என்பார்கள். ஓடாதுதான். ஆயிரம் வருஷமாக அங்கேயே நிற்கிறது.

நாங்கள் நாலு பேர் போனோம். ஒருவர் வக்கீல், பாகப்பிரிவினை வழக்குகளிலேயே தலை நரைத்தவர். இன்னொருவர் ரயில்வே கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த எண்ணைக் கண்டாலும் அதை இன்னோர் எண்ணால் வகுத்துப் பார்க்காமல் விடமாட்டார். மூன்றாமவர் தமிழ் வாத்தியார், கல்வெட்டுப் பைத்தியம். நாலாவது ஆள் நான். கதை எழுதுகிறவனுக்கு வேறு ஜோலி என்ன என்று, புளியோதரைப் பொட்டலங்களையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் என் தோளில் மாட்டிவிட்டார்கள்.

இந்த ரயில் பாதைக்கே ஒரு சரித்திரம் உண்டு. நாகப்பட்டினத்தில் கிளம்பி 1861இல் தஞ்சாவூருக்கும் மறுவருஷம் திருச்சிக்கும் வந்து சேர்ந்த பாதை இது. தென்னாட்டின் பழைய பாதைகளில் ஒன்று. முதலில் அகலப் பாதையாகப் போட்டார்கள். 1875இல் அதைப் பெயர்த்து மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். 1990களில் மீட்டரைப் பெயர்த்து மறுபடி அகலமாக்கினார்கள். "மூன்று தடவை செலவு. முதல் தடவை போட்டதை அப்படியே விட்டிருந்தால் இரண்டு தடவை மிச்சம்" என்றார் கணக்கர். சொந்தப் பணம் போனதுபோல் அவர் முகம் வாடிவிட்டது.

பொன்மலை, திருவெறும்பூர் எல்லாம் தாண்டிப் பூதலூர் வந்ததும் வயல் தொடங்கிவிடுகிறது. தஞ்சாவூர்ச் சரித்திரம் படிக்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது இந்த வயலைத்தான். அங்கே ராஜாவின் தானம், பாடகரின் சம்பளம், தச்சனின் கூலி, ஆடுகிறவளின் பங்கு எல்லாம் நெல்லாகத்தான் அளக்கப்பட்டன.

காலையில் போனது அரண்மனைக்கு. நாயக்கர் தொடங்கியது, மராட்டியர் பெருக்கியது. சரஸ்வதி மகாலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜிக்கு ராஜ்யம் கையில் இல்லை. கும்பெனியார் அதை வாங்கிக்கொண்டு கோட்டையையும் உதவிச் சம்பளத்தையும் விட்டுவைத்தார்கள். மனுஷர் புத்தகம் சேர்த்தார். கண் வைத்தியம் பார்த்தார். கண் நோயாளிகளைப் பற்றி நோயாளிக்கு ஒரு தாளாக, கண்ணைப் படமாக வரைந்து, குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ராஜ்யத்தை இழந்த ராஜாக்கள் வேறு எதையெல்லாமோ செய்திருக்கிறார்கள். இவர் செய்தது எனக்குப் பிடிக்கிறது. தம் போன்ஸ்லே வம்சத்தின் கதையை 1803இல் பெரிய கோயில் சுவரில் மராட்டியில் வெட்டி வைத்ததும் இவரே. தஞ்சாவூர் என்னவோ ஆதியிலிருந்தே எழுதிவைக்கும் ஊர். சாம்பாரையும் மராட்டிய அரண்மனைச் சமையலறையையும் முடிச்சுப் போடும் கதை ஒன்றும் ஊரில் நடமாடுகிறது. அதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை போலிருக்கிறது. ஆகவே அவரவர் இஷ்டம்போல் பேசலாம்.

வெயில் ஏறும்போது மேல வீதிப் பக்கம் வந்தோம். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் இருந்த வீதி அது. சரபோஜி காலத்திலும் அவர் மகன் சிவாஜி காலத்திலும் அரண்மனையில் இருந்த நட்டுவனார்கள். இன்று அரங்கேற்றம் என்றால் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு வரிசை இருக்கிறதல்லவா? அந்த வரிசை இவர்கள் கையில் உருப்பெற்றது. வடிவேலு பிற்பாடு திருவனந்தபுரம் போய் ஸ்வாதித் திருநாளிடம் இருந்தார்.

வாத்தியார் இதைச் சொல்லிக்கொண்டே வந்தார். "யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார் கணக்கர்.

"கோயில் பெண்களுக்கு. தேவதாசிகளுக்கு."

வக்கீல் உடனே குறுக்கே விழுந்தார். "அதையெல்லாம் ஏன் ஸார் நோண்டுறீங்க? ஒரு வழியா ஒழிஞ்சுது. கலையை எடுத்துக்கிட்டோம், கசடை விட்டுட்டோம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிடறவன் கரும்புச் சக்கையைத் தேடிப் போவானா?"

வக்கீல் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த முறை ஒழிந்ததே சாமானியமான காரியமல்ல. 1927இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைக் கையில் எடுத்தார். அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். 1929இல் ஒரு சட்டம் வந்தது: கோயிலில் ஊழியம் செய்வதற்காக இந்தப் பெண்கள் அனுபவித்த மானிய நிலங்களை, ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சட்டம். நிலம் உன்னுடையது, அதற்காக நீ பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இதற்கு நடுவில் 1936இல், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒரு நாவல் எழுதினார்: "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்." அம்மையார் திருவாரூரில் பிறந்தவர், அந்தக் குலத்து வாழ்க்கையின் உள்ளும் புறமும் தெரிந்தவர். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் கதைக்கட்டு நயம் தேடுகிறவர்கள் ஏமாறலாம், ஆனால் நம்மில் எத்தனை பேருடைய புத்தகம் அந்த அளவுக்கு வேறு வழியில்லாமல் எழுதப்பட்டது?

இவ்வளவையும் நான் வக்கீலிடம் சொல்லவில்லை. பசி வேளை. ஓரிடத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். வாத்தியார் மட்டும் சாப்பாட்டுக்கு நடுவில், "சக்கை என்று சொன்னீர்களே, சாயங்காலம் ஒரு சுவரைக் காட்டுகிறேன், அப்புறம் சொல்லுங்கள்" என்றார்.

பெரிய கோயில் மத்தியானம் சாத்தித் திறக்க நாலு மணி ஆகும். நாங்கள் போனபோது கூட்டம் இன்னும் சேரவில்லை. கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல் என்று இரண்டு வாசல்கள். சேர நாட்டை வென்றவன் பட்டப்பெயரை முதல் வாசலுக்கே வைத்திருக்கிறான். இரண்டையும் கடந்தால் 216 அடி விமானம். அதை வர்ணிக்க நான் முயலப்போவதில்லை. பார்க்காதவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்த காலம் ஒன்று உண்டு. தல புராணம் கரிகாலன் கட்டியதாகச் சொல்லிற்று, ஜனங்களும் நம்பினார்கள். 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு அதிகாரியாக வந்த ஜெர்மானியர் டாக்டர் ஹுல்ஷ் சுவர்களை வாசித்தார். அவரும் அவருக்குப் பின் வெங்கையாவும் கிருஷ்ண சாஸ்திரியாரும் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டுக்கள் தனித் தொகுதியாகவே வந்தன. ராஜராஜன் என்ற பெயர் இன்று சினிமாவிலும் பஸ் கம்பெனியிலும் புழங்குகிறதென்றால், அந்த மூன்று பேர் ஏணி போட்டு ஏறி எழுத்துக் கூட்டியதுதான் காரணம்.

விமானத்தின் அடியில் முதல் கல்வெட்டு ஒரு சின்ன நாடகம். ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், தஞ்சாவூர் அரண்மனைக்குள்ளே, கிழக்குப் பக்கத்துத் திருமஞ்சன சாலையில் இருந்து தானம் செய்துகொண்டிருக்கிறான். அப்போது வாய்மொழியாக உத்தரவிடுகிறான்: நான் கொடுத்தது, என் அக்காள் கொடுத்தது, என் மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டுங்கள் என்று. வாத்தியார் இதைச் சொன்னதும் வக்கீல் நின்றுவிட்டார்.

"அக்காவை முன்னால சொல்லி, மனைவியைப் பின்னால சொன்னானா? அதையும் கல்லிலே வெட்டினானா? மகா தைரியசாலிதான்!"

கணக்கரைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. விமானத்தின் உச்சிக்காக ராஜராஜன் 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள் ஒரு செப்புக் குடம் கொடுத்தான். குடத்தின் எடை 3,083 பலம். அதற்குப் பூசிய பொன் தகடு 2,926½ கழஞ்சு. 1010ஆம் வருஷத்துச் சங்கதி. "அரை!" என்றார் கணக்கர், கண்கள் பளபளக்க. "கவனிச்சீங்களா? அரைக் கழஞ்சு! சுமார் மூவாயிரம்னு எழுதியிருந்தா யார் கேட்கப் போறா? இவன் அரையை விடலை. இவன் நம்ம இலாகா!"

அந்த அரைக் கழஞ்சுப் புத்திதான் இந்தக் கோயிலின் அதிசயம் என்று எனக்கும் தோன்றுகிறது. கல்லை அவ்வளவு உயரம் தூக்கி வைத்த ராஜாக்கள் வேறு தேசத்திலும் உண்டு. அப்படித் தூக்கிவைத்த இடத்தில் சங்கு ஊதுகிறவன் யார், துணி வெளுக்கிறவன் யார், அவனுக்கு எத்தனை நெல் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? தலைமைத் தச்சனின் பெயர் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். நாவிதனுக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம். தன் பெயரைக் கூரைமேல் மட்டும் வைத்துக்கொள்ளாமல், க்ஷவரக் கத்தி பிடித்தவனுக்கும் பங்கிட்டுக் கொடுத்த சக்கரவர்த்தி!

வாத்தியார் எங்களைத் திருச்சுற்றின் வெளிப்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். அதுதான் அவர் சொன்ன சுவர். அங்கே யாரும் வருவதில்லை. புல் முளைத்த வழி. ஆள் உயரத்துக்கு வரிவரியாக எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே உரு. நமக்கெல்லாம் முதலில் கோலப்பொடி சிந்தினாற்போல் தெரியும். வாத்தியார் கையில் அச்சுப் பிரதியின் ஜெராக்ஸ் இருந்தது. ஒரு கண் தாளில், ஒரு கண் கல்லில்.

விஷயம் இதுதான். ராஜராஜன் தன் 29ஆம் ஆண்டுக்குள், அதாவது 1014ஐ ஒட்டி, சோழ மண்டலத்தில் உள்ள பல கோயில்களின் தளிச்சேரிகளிலிருந்து 400 பெண்களை இந்தக் கோயிலுக்குக் கொண்டுவந்தான். தளி என்றால் கோயில். கோயிலைச் சார்ந்த பெண்கள் குடியிருக்கும் தெரு தளிச்சேரி. அவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள். தேவதாசி என்ற வார்த்தை அந்தக் கல்லில் இல்லை. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, அவற்றில் தென்சிறகு, வடசிறகு. சிறகு என்றால் வீதியின் ஒரு பக்கத்து வரிசை. என்ன அழகான சொல்! நாம் 'இடது பக்கம், வலது பக்கம்' என்று சொல்லி அதைப் பறக்கவிட்டுவிட்டோம். பிறகு வீட்டின் எண். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள். அவள் பெயர். பங்கு ஒன்று.

இப்படி 400 தடவை.

தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு. திருவையாற்று லோகமாதேவி ஈஸ்வரத்திலிருந்து வந்த சேரமங்கை. அதுதான் முதல் பெயர். பிறகு உதாரம், பட்டாலி, சோழகுலசுந்தரி, தில்லையழகி, பரவை... ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். நடராஜனின் தூக்கிய திருவடியை ஒரு பெண் குழந்தைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இன்னொருத்தி தேசிச்சி, அவளோடு குழம்பாமல் இருக்க மற்றொருத்தி பெரிய தேசிச்சி. நம் வீடுகளில் பெரிய மீனாட்சி, சின்ன மீனாட்சி என்பதில்லையா? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய குமாஸ்தா அந்தச் சிரமத்தை அப்படித்தான் தீர்த்திருக்கிறான்.

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நக்கன் என்று ஓர் அடைமொழி. தகப்பன் பெயரோ தாய் பெயரோ புருஷன் பெயரோ கிடையாது. நக்கன் என்பது சிவனுக்குப் பெயர். தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் சுவாமி பெயர் நிற்கிறது.

கணக்கர் இதற்குள் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டார். ஒரு பங்கு என்பது வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒரு வேலி நிலத்து விளைச்சல். 400 பேருக்கு 40,000 கலம். "இது அதிகமா, கம்மியா? வேறு யாருக்கு என்ன சம்பளம், சொல்லுங்கோ" என்றார். வாத்தியார் தேவாரம் பாடியவர்களின் கணக்கைச் சொன்னார். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை ஒருவர், கொட்டி மத்தளம் ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல். கணக்கர் பெருக்கினார்: 365 நாளைக்கு 1,095 குறுணி. 12 குறுணி ஒரு கலம். ஆகவே 91 கலம் மூன்று குறுணி.

"ஆடினவளுக்கு நூறு. தேவாரம் பாடினவருக்குத் தொண்ணூற்றொன்றே கால்" என்றார் மெதுவாக. அதே சுவரில் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு என்றிருப்பதையும் வாத்தியார் சொன்னார். அது தெரிந்த உலகம்தான். கற்றுக்கொடுக்கும் ஆண்பிள்ளைக்கு எப்போதும் இரட்டைச் சம்பளம். ஆனால் அந்த எட்டே முக்கால் கலம் வித்தியாசம் எங்கள் எல்லோரையும் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது.

வக்கீலைப் பிடித்தது கடைசிப் பகுதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ, ஊரை விட்டுப் போனாலோ என்ன செய்வது என்று அதில் விதி இருக்கிறது. அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லாவிட்டால் தகுதி உள்ள வேறொருவரை வைத்துப் பணி செய்வித்து நெல்லைப் பெறலாம். நெருங்கிய உறவே இல்லாவிட்டால், அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வக்கீல் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "இது சொத்துரிமை இல்லை, உத்தியோகம். ஆனால் வாரிசு உண்டு. வாரிசு உண்டு, ஆனால் தகுதி வேணும். தகுதியைச் சொல்றது ராஜா இல்லை, கூட வேலை பார்க்கிறவங்க. நல்ல டிராஃப்ட்!" என்றார். ஒரு சட்டத்தை அவர் வாயால் நல்ல டிராஃப்ட் என்று சொல்லக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தரம்.

வாத்தியாருக்குக் குஷி தாங்கவில்லை. அந்தக் காலத்துப் பெண்களுக்கு இருந்த மதிப்பென்ன, சொத்தென்ன என்று பிரசங்கம் ஆரம்பித்தார். சோழர் காலம் என்றாலே பொற்காலம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

கல்வெட்டு அந்தப் பெண்களை எப்படிச் சொல்கிறது? கொண்டுவந்து ஏற்றியவர்கள் என்கிறது. வந்தவர்கள் என்று சொல்லவில்லை. பொற்குடத்தை ஸ்தூபியில் ஏற்றினார்கள்; இவர்களைத் தளிச்சேரியில் ஏற்றினார்கள். திருவையாறு பக்கத்து ஊர்; பரவாயில்லை. திருவாரூர் 55 கிலோமீட்டர். நாகப்பட்டினம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பழையாற்றிலிருந்தும் வந்திருக்கிறார்கள். கடற்கரையில் பிறந்து, கப்பல் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு, அந்த ஊர்க் கோயிலில் தாய்க்கும் பாட்டிக்கும் பழகிப்போன மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் ஒரு நாள் ஓலை வந்திருக்கும்: தஞ்சாவூருக்குப் புறப்படு. நூறு கலம் நெல், வீடு, வீட்டுக்கு எண். மாட்டேன் என்று சொன்னவள் ஒருத்தி இருந்தால் அவள் பெயர் இந்தச் சுவரில் இருக்காது. வாரிசு விதியில் "ஊரை விட்டுப் போனால்" என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதைப் போட்ட குமாஸ்தாவுக்கு யாராவது போய்விடுவார்கள் என்று தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. போகக்கூடாது என்று அவன் எழுதவில்லை. போனால் பங்கு யாருக்கு என்றுதான் எழுதினான்.

இதற்கு மேல் போனால் கதையாகிவிடும். நானூறு பெண்கள், பல ஊர்ப் பழக்கம், பல ஊர்ப் பாட்டு, இரண்டு தெருக்கள். அந்தத் தெருக் கிணற்றடியில் காலை வேளையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று என் மனசு போய்க்கொண்டே இருந்தது. சேரமங்கை என்ற பெயரை வைத்துக்கொண்டு சேர நாட்டிலிருந்து சிறைபிடித்து வந்தவள் என்று நாவல் எழுதிவிடலாம். ஆனால் தில்லையழகி என்றால் தில்லையில் பிறந்தவள் என்று அர்த்தமா? பெயரை ஆதாரமாகக் கொண்டு ஊர் சொல்வது சரித்திரமல்ல. இவள் ஐயாற்றுக் கோயிலிலிருந்து வந்தவள் என்றுதான் கல் சொல்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"நெல்லைக் கொடுத்தான், பெயரையும் வெட்டினான். இதுக்கு மேலே ஒரு ராஜா என்னய்யா செய்யணும்?" என்று வாத்தியார் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"கேட்டிருக்கலாம்" என்றேன்.

"தச்சனைக் கேட்டானா? நாவிதனைக் கேட்டானா? கிராமம் கிராமமா நெல்லு அனுப்பச் சொன்னானே, அவங்களைக் கேட்டானா? ஈழத்துக் கிராமங்கள்கூட இந்தக் கோயிலுக்கு அளந்திருக்கு."

அவர் சொன்னதும் உண்மைதான். பாண்டியனையும் சேரனையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்துப் பொன்னால் செய்து கொடுத்த பாத்திரங்களைப் பற்றி இதே கல்வெட்டுக்கள் பெருமையாகச் சொல்கின்றன. வாங்கிய கைதான் கொடுத்தது. யாரையும் கேட்காத காலத்தில் இவர்களை மட்டும் கேட்கவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை என்று வாத்தியார் நினைத்தார். யாரையும் கேட்காத காலத்தைப் பொற்காலம் என்று சொல்லாமல் இருக்கலாமே என்று நான் நினைத்தேன். வக்கீல் இரண்டு கட்சியையும் கேட்டுக்கொண்டு, தீர்ப்பை ஒத்திவைத்தவர்போல் சும்மா இருந்தார்.

உள்ளே தொல்பொருள் இலாகா வைத்திருக்கும் கண்காட்சி அறையில் சோழர் ஓவியங்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. மூலம் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் இருக்கிறது. பொதுஜனங்களை அங்கே விடுவதில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி அந்த நடையில் நுழைந்து பார்த்தார். மேலே நாயக்கர் காலத்துச் சித்திரம். அது உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொரு சித்திரம். அப்படித்தான் சோழர் ஓவியம் வெளியே வந்தது. சுந்தரர் கயிலைக்குப் போகும் காட்சியில் பெண்கள் ஆடுகிறார்கள். இடுப்பை ஒடித்து, தலையைத் திருப்பி, கை ஒன்று தோளுக்கு மேல் வளைந்து. எதிரே நின்று பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும். அந்த ஓவியனுக்கு எதிரே நின்றவள் எந்தச் சிறகில் எந்த வீட்டுக்காரியோ!

இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விமானத்தின் மேல் நிலையில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் சிற்பமாக வெட்டத் தொடங்கி 81 முடித்தார்கள். மீதிக் கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. அந்த 81லும் ஆடுகிறவர் சிவபெருமான்தான். ஆட்டம் ஸ்வாமியின் பேரில் உள்ளே இருக்கிறது. ஆடினவர்களின் விலாசம் வெளிச் சுவரில் இருக்கிறது.

2010 செப்டம்பரில் கோயிலுக்கு ஆயிரம் வயது என்று அரசாங்கம் விழா எடுத்தபோது, இதே பிராகாரத்தில் ஆயிரம் பேர் சேர்ந்து பரதம் ஆடினார்கள். வாத்தியார் அதை நேரில் பார்த்தவர். விளக்கு வெளிச்சத்தில் விமானமே ஆடினாற்போல் இருந்தது என்று சொன்னார். கணக்கர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆயிரம் பேருக்கும் பேர், ஊர், வீட்டு நம்பர் எழுதி வெச்சிருக்காளோ?" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்தத் தளிச்சேரித் தெருக்கள் இன்று இல்லை. 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டின்மேல் படையெடுத்து, தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினான். கொளுத்தியதை மெய்க்கீர்த்தியில் சொல்லிக் கொண்டாடவும் செய்தான். அவன் பாட்டனார் காலத்துக்கு முன்பிருந்து சோழர் பாண்டிய நாட்டுக்குச் செய்ததை அவன் திருப்பிச் செய்தான். அதன் பிறகு நாயக்கர் கோட்டை வந்தது, அகழி வந்தது, மராட்டியர் வந்தார்கள். அரண்மனை போயிற்று, ராஜராஜன் தானம் செய்துகொண்டிருந்த திருமஞ்சன சாலை போயிற்று. இரண்டு தளிச்சேரிகளும் நான்கு சிறகுகளும் போயின. வீடு இல்லாமல் வீட்டு எண் மட்டும் நிற்கிறது.

வெயில் தாழ்ந்து சுவர் சிவந்துகொண்டிருந்தது. சாய்ந்த வெளிச்சம் பட்டால் கல்லில் எழுத்து எழும்பிக்கொண்டு வரும். கல்வெட்டு வாசிக்கிறவர்கள் காத்திருப்பது இந்த நேரத்துக்குத்தான். மத்தியானம் கோலப்பொடியாய் இருந்தது இப்போது எனக்கே அங்கங்கே எழுத்தாகத் தெரிந்தது. கணக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வக்கீல் நகரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்கு அருகில் போய் நின்றார்.

"வாத்தியாரே, தலைவீட்டிலே யாரு?"

"நக்கன் சேரமங்கை. ஐயாற்றுக்காரி."

"பங்கு?"

"ஒன்று."

வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டார். "அடுத்த வீடு வாசியுங்க" என்றார்.

"இரண்டாம் வீடு" என்று விரலை வைத்தார் வாத்தியார். "நக்கன் இரணமுகராமி."